‘ஃபெயில்’ போடாத மலைப்பள்ளி: யார் இந்த லொரென்சோ மிலானி?

1967 மே மாதம். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்துப் பதிப்பகம் ஒன்று ஒரு புத்தகத்தை வெளியிட்டது. தலைப்பு ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’. எழுதியவர் யார் என்று பார்த்தால் தனிநபர் பெயர் இல்லை. ‘பார்பியானா பள்ளி’ என்று மட்டும் இருந்தது.

எழுதியது எட்டு மாணவர்கள். மலைக் கிராமத்துப் பசங்க. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர நகரத்துக்குப் போய்த் தேர்வு எழுதி, அங்கே ஃபெயில் ஆக்கப்பட்டவர்களும் அந்தப் பள்ளியில் உண்டு. ஃபெயில் போட்ட ஆசிரியைக்குத்தான் அந்தக் கடிதம். அழுது புலம்பும் கடிதம் அல்ல. நாடு முழுவதும் எந்தெந்த வகுப்பில் எத்தனை குழந்தைகள் தோற்கடிக்கப்படுகிறார்கள், தோற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று அரசின் புள்ளிவிவரங்களைத் தோண்டி எடுத்து அட்டவணை போட்டுக் காட்டிய கடிதம். அந்தக் கணக்கு வேலைக்காகவே இத்தாலிய இயற்பியல் கழகம் அதற்கு ஒரு பரிசு கொடுத்தது.

புத்தகம் வெளிவந்து சில வாரங்களில், ஜூன் 26 அன்று, அந்தப் பசங்களின் வாத்தியார் இறந்துபோனார். வயது 44. பெயர் லொரென்சோ மிலானி. கத்தோலிக்கப் பாதிரியார். இத்தாலியில் பாதிரியார்களை ‘டான்’ என்று மரியாதையாக அழைப்பார்கள் என்பதால் அங்கே அவர் ‘டான் மிலானி’. (நம்ம சினிமா ‘டான்’ இல்லை!) ஒரு மாணவர் தேர்வில் தோற்றால் தோற்றது மாணவரா, பள்ளியா? இத்தாலியில் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் இன்றும் இவர் பெயர் வந்துவிடும். சரி, யார் இவர்? அந்த மலைமேல் அப்படி என்ன செய்தார்?

பணக்கார வீட்டுப் பிள்ளை

மிலானி 1923 மே 27 அன்று ஃபுளோரன்ஸில் பிறந்தார். வசதியான, படித்த குடும்பம். கொள்ளுத்தாத்தா தொமெனிக்கோ கொம்பாரெத்தி, கிரேக்க, லத்தீன் இலக்கிய ஆய்வில் ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்ற அறிஞர். அம்மா அலிச்சே, திரியெஸ்தே நகரத்து யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இளம்வயதில் அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் யார் தெரியுமா? பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ். குடும்பத்துக்குக் கிராமத்தில் நிலமும் இருந்தது. அதில் வாரக் குத்தகைக்கு விவசாயிகள் பாடுபட்டார்கள். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுதவருக்கு.

வீட்டில் மத நம்பிக்கை கிடையாது. ஆனால், முசோலினி ஆட்சியில் யூதர்களுக்கு எதிரான காற்று வீசப்போகிறது என்ற அச்சத்தில், 1933இல் பெற்றோர் சர்ச்சில் மறுபடி திருமணம் செய்துகொண்டு, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு, அவ்வளவுதான்.

1941இல் மிலன் நகரில் பள்ளிப் படிப்பை முடித்த மிலானி, குடும்ப வழக்கப்படி பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. ஓவியம் படிக்கப் போனார். இரண்டாம் உலகப்போர் காலம் அது. ஃபுளோரன்ஸில் ஏழைகள் வாழும் ஒரு சந்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டே அவர் வெள்ளை ரொட்டி சாப்பிட்டதாகவும், ஏழைகள் தெருவில் உட்கார்ந்து வெள்ளை ரொட்டி தின்கிறாயே என்று ஒரு பெண் திட்டியதாகவும் ஒரு சம்பவத்தை அவரது வாழ்க்கை வரலாற்றில் சொல்வார்கள். அந்தத் திட்டுதான் திருப்புமுனை என்று சொன்னால் கதை கொஞ்சம் சினிமாத்தனமாகிவிடும். எப்படியோ, 1943இல் அவர் மனம் மாறியது. கோடையில் மத நம்பிக்கைக்குள் வந்தவர், அந்த ஆண்டு நவம்பரிலேயே குருமடத்தில் சேர்ந்துவிட்டார். வீட்டில் யாருக்கும் இதில் சந்தோஷம் இல்லை. 1947 ஜூலையில் பாதிரியார் ஆனார்.

சிலுவையைக் கழற்றிவைத்த பாதிரியார்

அவர் பணியாற்றப் போன இடம் சான் தொனாத்தோ தி கலென்சானோ. பிராத்தோ நகரத்துக்கு அருகில் உள்ள ஊர். துணி ஆலைகள் நிறைந்த பகுதி. கோயிலுக்கு வருகிறவர்கள் பிரசங்கத்தைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள், ஆனால் ஒரு வார்த்தை புரியவில்லை என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டார். நம்பிக்கைக் குறைவு இதற்குக் காரணம் இல்லை. அவர்களுக்கு மொழி இல்லை. செய்தித்தாள் புரியாது, வேலை ஒப்பந்தம் புரியாது, தொழிற்சங்கக் கூட்டத்தில் எழுந்து நாலு வார்த்தை பேச வராது.

மிலானியின் மொத்த வாழ்க்கையும் இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. பணக்காரனுக்கும் ஏழைக்கும் உள்ள பெரிய இடைவெளி சொத்தில் இருப்பதைவிடச் சொல்லில் இருக்கிறது என்று அவர் நம்பினார். சொந்த வீட்டில் அவருக்குக் கணக்கில்லாமல் கிடைத்த சொத்து அதுதான்.

ஊரில் இளம் தொழிலாளர்களுக்காக இரவுப் பள்ளி தொடங்கினார். ஆலையில் வேலை முடிந்து வருகிறவர்கள் நேராக அங்கே வந்தார்கள். கம்யூனிஸ்ட் வீட்டுப் பையனும் வரலாம், கத்தோலிக்க வீட்டுப் பையனும் வரலாம். யாரும் தயங்கக் கூடாது என்பதற்காக வகுப்பறைச் சுவரில் இருந்த சிலுவையையே கழற்றிவிட்டார். ஒரு பாதிரியார் இதைச் செய்தால் 1940களின் இத்தாலியில் என்ன ஆகும்? பெரிய சலசலப்பு ஆனது. வெள்ளிக்கிழமை இரவுகளில் வெளியில் இருந்து யாரையாவது அழைத்து வந்து பேசவைத்து, கேள்வி கேட்கவைத்தார்.

தேர்தல் நேரத்தில் இந்தக் கட்சிக்குத்தான் ஓட்டு என்று மேலிடம் எதிர்பார்த்தபடி அவர் ஊருக்குச் சொல்லவில்லை. எதிரிகள் கூடிக்கொண்டே போனார்கள். 1954இல் ஊரின் மூத்த பாதிரியார் இறந்ததும் அந்தப் பொறுப்பு மிலானிக்கு வந்திருக்க வேண்டும். வந்தது இடமாற்றல் உத்தரவு.

தண்டனை ஊர்

பார்பியானா. மோந்தே ஜோவி மலைச்சரிவில், முஜெல்லோ பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கும் இடம். ஊர் என்று சொல்வதே அதிகம். ஒரு சர்ச், பக்கத்தில் பாதிரியார் வீடு, காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் விவசாய வீடுகள். சாலை கிடையாது. மின்சாரம் கிடையாது. குழாய்த் தண்ணீர் கிடையாது. ஆளில்லாமல் மூடிவிடலாம் என்று சர்ச் நிர்வாகமே நினைத்திருந்த இடத்துக்கு, 31 வயதுப் பாதிரியாரை அனுப்பினார்கள். 1954 டிசம்பர் 7 அன்று அவர் வந்து சேர்ந்தார். வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொண்ட எதா பெலகாத்தியும் அவரது அம்மாவும் கூடவே வந்தார்கள்.

வந்த கையோடு அவர் செய்த வேலை: மலை இறங்கிப் போய், பார்பியானா இடுகாட்டில் தனக்கென்று ஒரு கல்லறை இடத்தை விலைக்கு வாங்கினார். தண்டனைக் காலம் முடிந்து திரும்பிப்போகும் எண்ணம் தனக்கு இல்லை என்று ஊருக்கும், மேலிடத்துக்கும், கொஞ்சம் தனக்கே தனக்கும் சொல்லிக்கொண்ட மாதிரி.

பார்பியானா பிள்ளைகளின் நிலைமை இதுதான். அங்கே ஒரே ஓர் ஆரம்பப் பள்ளி. ஒரே அறையில் ஐந்து வகுப்புகள், ஒரே ஆசிரியை. ஐந்தாம் வகுப்பு முடிந்தால் படிப்பும் முடிந்தது. அதற்கு மேல் படிக்க மலை இறங்க வேண்டும்.

அன்றைய இத்தாலியில் 11 வயதிலேயே பாதை இரண்டாகப் பிரிந்துவிடும். வசதியான வீட்டுப் பிள்ளைகள் லத்தீன் சொல்லிக்கொடுக்கும் நடுநிலைப் பள்ளிக்குப் போவார்கள். அங்கிருந்து உயர்நிலைப் பள்ளி, பல்கலைக்கழகம். மற்றவர்களுக்கு ‘அவ்வியமெந்தோ’ என்ற தொழில் தயாரிப்புப் பள்ளி. அதோடு சரி, அங்கிருந்து மேலே ஏற வழியில்லை. 1962 கடைசியில் வந்த ஒரு சட்டம்தான் இந்த இரண்டையும் சேர்த்து, 14 வயதுவரை எல்லோருக்கும் ஒரே பள்ளி என்று ஆக்கியது.

மிலானி 1956இல் ஆறு பையன்களுடன் தன் வீட்டிலேயே அந்தத் தொழில் தயாரிப்புப் பள்ளியைத் தொடங்கினார். போகப்போக மற்ற மலைச்சரிவுகளில் இருந்தும், கீழே பள்ளிகளில் ஃபெயில் ஆகித் துரத்தப்பட்ட பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள்.

வகுப்பறையில் என்ன நடந்தது?

தினம் சுமார் 12 மணி நேரம். வருடத்துக்கு 365 நாள். ஞாயிறும் உண்டு, கிறிஸ்துமஸும் உண்டு. லீவு என்ற பேச்சே இல்லை. இன்றைக்குப் படிக்கும்போது தலை சுற்றும். ஆனால், அந்தப் பசங்க பள்ளிக்கு வராவிட்டால் வீட்டில் விளையாடிக்கொண்டு இருக்கப்போவதில்லை. காட்டில் ஆடு மேய்க்க வேண்டும் அல்லது தொழுவத்தில் சாணி அள்ள வேண்டும். கடிதப் புத்தகத்தில் ஒரு பையன் வருகிறான். அவன் வீட்டுத் தொழுவத்தில் 36 மாடுகள். சாணி அள்ளுவதைவிடப் பள்ளி எவ்வளவோ மேல் என்பது அவன் கட்சி. குழந்தைகளின் நலம் பற்றிப் பேசும்போது யாருடைய குழந்தை, எந்த வீட்டுக் குழந்தை என்ற கேள்வியை விட்டுவிட முடியாது என்று இந்த ஒரு பையன் புரியவைத்துவிடுகிறான்.

பாடப்புத்தகத்தைவிடச் செய்தித்தாள் முக்கியம். தினமும் வாசித்தார்கள். ஒரு சொல் புரியாவிட்டால் அங்கேயே நின்றுவிடுவார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எந்த மொழிச் சொல், அதன் உறவுச் சொற்கள் என்ன என்று போகும். ஒரு செய்தியில் ஆப்பிரிக்க நாடு ஒன்று வந்தால் வரைபடம் வரும், சரித்திரம் வரும், கணக்கு வரும். வரைபடங்களையும் நாடாளுமன்றத் தேர்தல் வரைபடத் தாள்களையும் மாணவர்களே வரைந்து சுவரில் ஒட்டினார்கள். மேசை, நாற்காலிகளையும் அவர்களே செய்தார்கள். பக்கத்திலேயே மரவேலை, இரும்புவேலைக்கு ஒரு பட்டறை.

ஒருவருக்குப் புரியவில்லை என்றால் பாடம் அடுத்த அடி நகராது. மிகவும் மெதுவாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைதான் அங்கே செல்லப்பிள்ளை. அவனுக்குப் புரிந்த பிறகுதான் மற்றவர்கள் மேலே போகலாம். வெளியில் மக்கு என்று பெயர் வாங்கி வந்த பையன், இங்கே வகுப்பின் வேகத்தையே தீர்மானிப்பவன் ஆகிவிடுகிறான். கேலிக்கு இடமில்லை. ஒரு விஷயம் தெரிந்த உடனே அதைத் தெரியாத சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதால் 12, 13 வயதிலேயே எல்லோரும் வாத்தியார்கள். மிலானி ஒருவரால் அத்தனை பேரையும் சமாளிக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1963 முதல் அதெலே கொராதி என்ற பள்ளி ஆசிரியையும் வந்து கைகொடுத்தார்.

மலைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் பயம். ஆற்றையோ கடலையோ பார்த்து வளர்ந்தவர்கள் இல்லை. ஆகவே பிள்ளைகளே மண் தோண்டி ஒரு சின்ன நீச்சல் குளம் கட்டினார்கள். புது மனிதர்கள் என்றாலும் பயம். ஆகவே ஊருக்கு யார் வந்தாலும், பேராசிரியரோ பத்திரிகைக்காரரோ, நடுவில் உட்காரவைத்து மாணவர்கள் கேள்வி கேட்பார்கள். வந்தவர் சொற்பொழிவு ஆற்ற முடியாது. பெரியவர்கள் முன் வாய் திறக்கத் தெரியாத கூச்சம்தான் ஏழைகளைக் காலில் கட்டிய கல் என்பது மிலானியின் கணிப்பு. கோடையில் மாணவர்களை இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் என்று வேலைக்கு அனுப்பினார். கூலி வேலை செய்தபடியே அந்த ஊர் மொழியைக் கற்று வர வேண்டும். ஃபுளோரன்ஸ் நகரத்தையே சரியாகப் பார்த்திராத பசங்க, லண்டனில் இருந்து கடிதம் எழுதினார்கள்.

சுவரில் ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள்: ‘ஐ கேர்’. எனக்கு அக்கறை இருக்கிறது, இது என் விஷயம் என்று பொருள். முசோலினியின் ஆட்கள் பெருமையாகச் சொல்லித் திரிந்த, எனக்கென்ன வந்தது என்ற அலட்சியத்துக்கு நேர் எதிரான பதில் அது.

சொல்லாமல் விட முடியாத இன்னொரு பக்கம்

மிலானியை அன்பே உருவான வாத்தியாராக மட்டும் காட்டும் கட்டுரைகள் உண்டு. அது பாதி உண்மை. அவர் கடும் கண்டிப்பானவர். வாய் கூசாமல் திட்டுவார். கை நீட்டுவார். மிகவும் மோசமான சமயங்களில் சாட்டையும் எடுத்ததை அந்த மாணவர்களின் புத்தகமே மறைக்காமல் சொல்கிறது. விளையாட்டை நேர விரயம் என்று பார்த்தார். இன்றைக்கு எந்தப் பள்ளியிலும் இதை ஏற்க முடியாது, ஏற்கவும் கூடாது.

ஆனாலும் அதே பிள்ளைகள் அவரை விட்டு ஓடவில்லை. அடித்ததால் அல்ல, அடித்தும் ஏன் என்று கேட்க வேண்டும். மதிப்பெண் போட்டு, வகுப்பின் முன்னால் பெயரை வாசித்து, வருடக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடும் பள்ளியில் அவர்கள் பட்ட அவமானம் வேறு வகை. அங்கே அவர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பார்பியானாவில் ஒரு பையன் வராவிட்டால் பாடமே நின்றது. இந்த வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு சாட்டையை விட்டுவிடலாம். மிலானியைப் படிக்கும் ஆசிரியர்கள் பலர் செய்வதும் அதுதான்.

எட்டுப் பேர் சேர்ந்து எழுதியது எப்படி?

வடக்கு இத்தாலியின் பியாதெனா பக்கம், வோ என்ற ஊரில் மாரியோ லோதி என்று ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் இருந்தார். 1963இல் பார்பியானாவுக்கு வந்தார். அவர் வகுப்புப் பிள்ளைகளும் பார்பியானா பிள்ளைகளும் கடிதம் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். அப்போதுதான் எல்லோரும் சேர்ந்து ஒரே பிரதியை எழுதும் முறை பார்பியானாவில் பிடித்துக்கொண்டது.

முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். தலைப்பு முடிவானதும் ஒவ்வொருவரும் பையில் காகிதத் துண்டுகள் வைத்துக்கொள்வார்கள். ஏதாவது தோன்றினால் ஒரு துண்டில் ஒரு கருத்து. பிறகு எல்லாத் துண்டுகளையும் மேசையில் பரப்பி, ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்து, வரிசைப்படுத்தி, ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதி, நல்ல வாக்கியத்தை மட்டும் எடுப்பார்கள். பிறகு வெட்டும் வேலை. பெரிய சொல், தேவையில்லாத சொல், சொன்னதையே சொல்லும் சொல், எல்லாம் போகும். கடைசியில் படிப்பு அதிகம் இல்லாத யாராவது ஒருவரிடம் வாசித்துக் காட்டுவார்கள். அவருக்குப் புரியாத இடம் மறுபடி மேசைக்கு வரும்.

‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ இப்படித்தான் உருவானது. கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. அதற்குள் மிலானி படுத்த படுக்கையாகிவிட்டார். 1960இல் அவருக்கு ஹாட்ஜ்கின் நோய், அதாவது நிணநீர்ப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

புத்தகத்தில் இரண்டு பையன்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஜான்னி, விவசாயக் குடும்பத்துப் பையன். பியெரினோ, டாக்டர் மகன். பியெரினோ வீட்டிலேயே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு பள்ளிக்கு வருகிறவன். அவனுக்குப் பள்ளியே தேவையில்லை, பள்ளிக்கு அவனைத்தான் பிடிக்கும். ஜான்னிக்குப் பள்ளியைத் தவிர வேறு வழியில்லை, பள்ளி அவனைத்தான் வெளியே தள்ளும். எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே அளவுகோல், இதுதானே நியாயம் என்று ஆசிரியை நினைக்கிறார். ஆரம்பக் கோடு ஒன்றாக இல்லாதபோது அளவுகோல் ஒன்றாக இருப்பது எப்படி நியாயம் என்று மாணவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். நோயாளியை விரட்டிவிட்டு நல்ல உடம்புக்காரருக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியோடு பள்ளியை அவர்கள் ஒப்பிட்டது பின்னால் இத்தாலி முழுக்கப் பிரபலமானது.

இன்னொரு கணக்கும் போட்டார்கள். பள்ளி நடப்பது வருடத்துக்கு 210 நாள். அதில் 30 நாள் தேர்வில் போகிறது. வகுப்புத் தேர்வுகளுக்கு இன்னொரு 30. மிச்சம் 150. அந்த நாள்களிலும் பாதி நேரம் பாடம் நடத்துவதில் போவதில்லை, மாணவரை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவதில் போகிறது. ஆக, கற்றுக்கொடுக்கும் நாள் 75, விசாரணை நடத்தும் நாள் 135. ஆசிரியைமீது கோபத்தைக் கொட்டுவதைவிட இந்தக் கழித்தல் கணக்கு எவ்வளவு கூர்மையாகக் குத்துகிறது என்று பாருங்கள்.

அவர்கள் கேட்டது மூன்று விஷயம்தான். கட்டாயக் கல்வி வயதில் யாரையும் ஃபெயில் ஆக்காதீர்கள். பின்தங்கியவருக்கு முழுநாள் பள்ளி கொடுங்கள். ஆர்வமில்லாதவருக்குப் படிப்பதற்கான ஒரு நோக்கத்தைக் காட்டுங்கள். முதல் கோரிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு மிலானி எல்லோருக்கும் சும்மா பாஸ் போடச் சொன்னார் என்று பேசுகிறவர்கள், தினம் 12 மணி நேரம் என்ற இரண்டாவது பகுதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஃபெயில் போடாமல் இருப்பது அவருக்குச் சலுகை அல்ல. ஃபெயில் போட்டு ஒரு பிள்ளையை வெளியே அனுப்பும் வசதி ஆசிரியருக்கு இல்லாமல் போனால், கற்றுக்கொடுப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்காது என்பதுதான் அவர் கணக்கு.

நீதிமன்றமும் ஒரு பாடம்

இதற்கு நடுவில் ஒரு வழக்கு. 1965 பிப்ரவரியில், ராணுவத்தில் பணியாற்றிய பாதிரியார்கள் சிலர், மனசாட்சிப்படி கட்டாய ராணுவ சேவையை மறுக்கும் இளைஞர்களைக் கோழைகள் என்று அறிக்கை விட்டார்கள். அந்தச் செய்தித் துணுக்கு பார்பியானா வகுப்பறைக்கு வந்தது. மாணவர்களோடு உட்கார்ந்து இத்தாலியின் போர் வரலாற்றையே புரட்டிவிட்டு, மிலானி ஒரு பகிரங்க பதில் எழுதினார். கம்யூனிஸ்ட் வார இதழ் ‘ரினாஷித்தா’ அதை வெளியிட்டது. குற்றத்தை ஆதரித்ததாக அவர்மீதும் அந்த இதழின் பொறுப்பாசிரியர் லூக்கா பவொலினி மீதும் வழக்கு பாய்ந்தது.

ரோமுக்குப் போய் நிற்க உடம்பில் தெம்பில்லை. ஆகவே 1965 அக்டோபரில் நீதிபதிகளுக்கு நீண்ட கடிதம் எழுதினார். தான் ஒரு வாத்தியார் என்பதுதான் அதில் அவர் வைத்த முக்கிய வாதம். இருக்கிற சட்டத்தை மதிக்கச் சொல்லித்தருவதும், நாளை அதைவிட நல்ல சட்டம் கேட்கச் சொல்லித்தருவதும் வாத்தியார் வேலைதான் என்றார். சாக்ரடீஸ் தன் விசாரணையில் பேசியது, நற்செய்திகள் ஆகியவற்றுடன் காந்தியின் சுயசரிதையையும் தன் மாணவர்களோடு படித்ததாக அதில் குறிப்பிடுகிறார். 1966 பிப்ரவரியில் விடுதலை. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. தீர்ப்பு 1967 அக்டோபரில் வந்தது. பவொலினிக்குத் தண்டனை. மிலானி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்ததால் அவர்மீதான வழக்கு முடித்துவைக்கப்பட்டது. ராணுவ சேவை மறுப்பை இத்தாலி 1972இல் சட்டப்படி அங்கீகரித்தது.

பிறகு என்ன ஆனது?

மிலானி இறந்தது ஃபுளோரன்ஸில், அம்மா வீட்டில். புதைத்தது பார்பியானாவில், 13 வருடம் முன்பு வாங்கிப்போட்ட அதே இடத்தில். பாதிரியார் உடையோடு, காலில் மலையேறும் பூட்ஸ். அவர் போனதோடு பள்ளியும் முடிந்துபோனது.

அடுத்த ஆண்டே மாணவர் போராட்டங்கள் வெடித்தன. கடிதப் புத்தகம் போராட்டக்காரர்களின் கையேடு ஆனது. பல்கலைக்கழகத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் தன் புத்தகத்தைக் கையில் வைத்துக் கோஷம் போடுவதைப் பார்க்க அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! படிப்பின் தரத்தையே கெடுத்தவர் என்ற குற்றச்சாட்டு இன்னொரு பக்கம் வளர்ந்தது. நாவலாசிரியர் செபாஸ்தியானோ வசாலி 1992இல் அவரைக் கடுமையாகச் சாடி எழுதிய கட்டுரை பெரிய சண்டையைக் கிளப்பியது.

அரசுத் தரப்பில் மாற்றங்கள் மெதுவாக வந்தன. 1971இல் ஆரம்பப் பள்ளிகளில் முழுநாள் வகுப்புக்குச் சட்டம். 1977இல் இன்னும் பெரிய சட்டம்: கட்டாயக் கல்வி வகுப்புகளில் எண்களால் மதிப்பெண் போடுவது நின்றது, கோடை முடிந்து எழுதும் மறுதேர்வு ஒழிந்தது, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான தனி வகுப்புகள் மூடப்பட்டு அவர்கள் எல்லோருடனும் உட்கார்ந்தார்கள். இதற்கெல்லாம் மிலானி ஒருவர்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், அந்த விவாதங்களில் கடிதப் புத்தகம் இல்லாத மேசை இல்லை. பிறகு 2008இல் எண் மதிப்பெண்கள் திரும்ப வந்தன. விவாதமும் திரும்ப வந்தது.

அவரது முதல் புத்தகத்தை 1958இல் விற்பனையில் இருந்து திரும்பப்பெற வைத்தது வத்திகன். 2017 ஜூன் 20 அன்று, போப் பிரான்சிஸ் அதே பார்பியானாவுக்கு நேரில் வந்து அவர் கல்லறை முன் நின்று பிரார்த்தனை செய்தார்.

மாணவர்கள்? மிலானி வீட்டிலேயே தங்கி வளர்ந்த மிக்கேலே ஜெசுவால்தி தொழிற்சங்கத் தலைவராகி, பிறகு ஃபுளோரன்ஸ் மாகாணத்தின் தலைவராகவே இருந்தார். வேறு சிலரும் தொழிற்சங்க வேலைக்குப் போனார்கள்.

பள்ளி அறை அப்படியே இருக்கிறது. மேசைகள், சுவரில் வரைபடங்கள், பக்கத்தில் பட்டறை, வெளியே நீச்சல் குளம். சர்ச்சுக்குள் மாணவர்கள் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் செய்த ஒரு புனிதர் படம் உண்டு. அந்தப் புனிதரின் கையில் இருப்பது ஒரு புத்தகம். வாசித்துக்கொண்டிருக்கிறார். ‘புனித மாணவர்’ என்பது அவர் பெயர். கீழே இருந்து அந்த இடத்துக்கு ஏறும் காட்டுப் பாதையில் இப்போது வழிநெடுக இத்தாலிய அரசியல் சட்டப் பிரிவுகளின் பலகைகள் நிற்கின்றன. அவற்றுக்கான படங்களை வரைந்தது பள்ளிப் பிள்ளைகள்.